காலியாக வந்த ஃபோல்டர்கள்

மதகடிப்பட்டு அருகே ஒரு கல்லூரியில் நான் கம்ப்யூட்டர் லேப் பொறுப்பாளர். மாணவர்களின் கோப்புகள் எல்லாம் சர்வரில் இருக்கும். எந்தக் கம்ப்யூட்டரில் லாகின் செய்தாலும் அவரவர் ஃபோல்டர் தானாக வந்துவிடும்.

செய்முறைத் தேர்வன்று காலை கரண்ட் போய் வந்தது. அதன்பின் லாகின் செய்த எல்லோருக்கும் ஃபோல்டர் காலி. ஆண்டு முழுக்கச் செய்த ப்ராஜெக்ட் ஒருவருக்கும் இல்லை. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். சர்வரை அணைத்து மறுபடி போட்டேன், பயனில்லை. எல்லாம் அழிந்துவிட்டதென்றே நினைத்தேன். பாஸ்வேர்டைக்கூடத் தப்பாக அடித்தேன்.

குருவிநத்தத்திலிருந்து வரும் இறுதியாண்டு மாணவி ஒருத்தி பக்கத்தில் வந்து நின்றாள். சண்டைக்கு வருகிறாள் என்று நினைத்தேன்.

"இன்னா மிஸ், இப்டி நடுங்குறீங்க? இந்தாங்க, தண்ணி குடிங்க. ப்ராஜெக்ட் போயிருந்தா மறுபடி செஞ்சிக்கிறோம்."

"உன் ப்ராஜெக்டும்தான்டி போச்சு!"

"தெரியும் மிஸ். மொதல்ல குடிங்க."

குடித்தேன். பதற்றம் அடங்கியதும் நிதானமாகச் சர்வருக்குள் பார்த்தேன். கோப்புகள் பத்திரமாக இருந்தன. கரண்ட் வந்ததும் லேப் கம்ப்யூட்டர்கள், சர்வர் எழும் முன்பே அதைத் தேடி, கிடைக்காததால் காலி ஃபோல்டரைக் காட்டியிருந்தன. அவற்றை ரீஸ்டார்ட் செய்ததும் ஃபோல்டர்கள் வந்தன. தேர்வும் நடந்தது.

அதுவரை அவள் எனக்கு ஒரு லாகின் பெயர் மட்டும்தான். தன் உழைப்பே போய்விட்டதென்று நினைத்த நேரத்திலும் என் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தோன்றியது. எனக்கு அப்படித் தோன்றியிருக்குமா என்று இன்றும் யோசிக்கிறேன்.