பெயர் தெரியாதவனுக்கு ஒரு பூசை

பிரெஞ்சு விமானப்படையில் பாதிரியாராக இருந்தேன் என்றால், விமானம் கிளம்புமுன் அதன் மேல் தீர்த்தம் தெளிப்பதுதான் என் வேலை என்று இங்கே பலர் நினைக்கிறார்கள். தெளித்ததே இல்லை. பாலைவனத்து முகாமில் என் முக்கியமான வேலை, புதுச்சேரியிலிருந்து வரவழைத்த தூளில் ஃபில்டர் காபி போடுவது. குண்டு போடப் போகிறவன் வேதம் கேட்க வரமாட்டான். நல்ல காபிக்கு வருவான். என் அப்பா அந்தப் படையில் சொல்தா, சாதாரணச் சிப்பாய். அவர் வழியில் வந்த பிரெஞ்சுக் குடியுரிமைதான் என்னையும் அங்கே கொண்டுபோய் விட்டது.

அங்கே பாதிரியாருக்குத் தனிப் பதவி கிடையாது. யாரோடு பேசுகிறாரோ அவருடைய பதவிதான் அவருக்கு. தளபதியோடு பேசினால் தளபதி, சமையல்காரனோடு பேசினால் சமையல்காரன். யாருக்கும் சல்யூட் அடிக்க வேண்டாம் என்பதால் எனக்கு அது வசதியாகவே இருந்தது.

ஒரு மதியம், ஒரு விமானத்தின் பின்னிருக்கைக்காரன் வந்தான். குறி பார்த்துக் குண்டை விடுவது அவன் வேலை. அன்று காலை குண்டை விட்ட பிறகு, அது தரையைத் தொடுமுன், யாரோ ஒருவன் மோட்டார் சைக்கிளில் அந்த இடத்துக்குள் வந்துவிட்டான். வீடியோவில் தெரிந்ததாம். எதிரியா, வழிப்போக்கனா, யாருக்கும் தெரியாது. "இது பாவசங்கீர்த்தனம் இல்லை, நீங்கள் ரகசியம் காக்க வேண்டாம். யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தான். அதனால்தான் இதை என்னால் எழுத முடிகிறது.

நான் வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று, "கட்டளையைத்தானே செய்தாய், உன் மேல் குற்றமில்லை" என்றேன்.

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னோடு பேசும்போது என் பதவிதானே உங்களுக்கு? அப்படியானால் குண்டை விட்டது உங்கள் கையும்தான். இப்போது சொல்லுங்கள், அந்தப் பாவத்தோடு ஞாயிற்றுக்கிழமை நற்கருணை வாங்குவீர்களா?"

காபி ஆறிவிட்டது, வேறு போடட்டுமா என்று கேட்டேன். இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. ஞாயிறு பூசைக்கு வந்தான்; நற்கருணை அப்பம் வாங்க எழுந்து வரவில்லை. அதன் பிறகு எங்கேயுமே வாங்கவில்லை. நாங்கள் அவ்வப்போது தொலைபேசியில் பேசுவோம். படையை விட்டு, கல்யாணமாகி, மகள் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கிய அன்றும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தானாம்.

ஓய்வு பெற்று இங்கே புதுச்சேரிக்கு வந்தபின், வருடா வருடம் அந்தத் தேதியில் மோட்டார் சைக்கிள்காரனுக்காகப் பூசை வைக்கிறேன். அவன் நம் மதத்தவனாக இருந்திருக்க வாய்ப்பில்லை. ஆண்டவர் அதைப் பார்த்துக்கொள்வார். பூசைக்கு முன் இறந்தவர் பெயரை வாசிப்பது எங்கள் கோயில் வழக்கம். 'ஓர் ஆன்மாவுக்காக' என்று எழுதச் சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தேன். இந்த வருடம் காலாப்பட்டிலிருந்து புதிய கோயில்பிள்ளை வந்திருக்கிறார்; பூசைப் பெயர்களை எழுதி வாசிப்பது அவர்தான். அவர் விடவில்லை.

"பேரு இல்லாம எப்படி வாசிக்கிறது சாமி? ஜனங்க என்னத்தான் கேப்பாங்க."

"பேரு தெரியாதுப்பா."

"ஒங்களுக்கு என்ன ஒறவுன்னாவது சொல்லுங்க."

"நான் கொன்ன ஆளு."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அறைக்கு வந்ததும் அந்தப் பின்னிருக்கைக்காரனைத் தொலைபேசியில் அழைத்து, கோயில்பிள்ளையிடம் சொன்னதை அப்படியே சொன்னேன். அழுதான். நானும் அழுதேன். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை பூசை எத்தனை மணிக்கு என்று பக்கத்திலிருந்த மனைவியிடம் கேட்டான்.