ஈசானி மூலையில் மாட்டிய வைஃபை

மன்னார்குடியில் வைரக்கண்ணு ஏறாத மொட்டைமாடி கிடையாது. கேபிள் டி.வி. வயர் இழுத்த இருபது வருஷத்தில் அவர் ஏறிய படிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தால் நிலாவுக்கே கனெக்‌ஷன் கொடுத்திருக்கலாம். ஊர்க் காக்கைகள் கூடு மாற்றும்போதுகூட அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போகும் என்று பேச்சு. பிறகு ஜனங்கள் போனிலேயே படம் பார்க்க ஆரம்பித்தார்கள். அவரும் வைஃபை டப்பா மாட்டுகிறவராகிவிட்டார்.

வீடு வீடாக மாட்டிக்கொண்டிருந்தவருக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை மங்களாம்பிகையின் அரிசி மில். கிடங்கின் கோடியில் நெல் மூட்டையை எடை போட்டால், அந்த எடை முன்பக்கத்து ஆபீஸ் திரையில் தானாக விழ வேண்டும். கிடங்கோ, இந்தக் கோடியில் தும்மினால் அந்தக் கோடிக்குச் சத்தம் போய்ச் சேர்வதற்குள் ஜலதோஷமே குணமாகிவிடும், அத்தனை நீளம். ஆடி மாதம், காலிக் கிடங்கு. டப்பாவுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, வடகிழக்கில், ஈசானி மூலையில், ஆள் உயரத்தில் மாட்டினார். நல்ல காரியத்தை வேறெங்கே தொடங்குவது? எடை பளிச்சென்று ஆபீசில் விழுந்தது.

தை பிறந்து சம்பா நெல் வந்து இறங்கியது. பத்தாம் நாள் திரை செத்துப்போயிற்று.

"நாளைக்குத் தஞ்சாவூர்லேர்ந்து வேற ஆளு வர்றாங்க. உங்க டப்பாவக் கழட்டிட்டு அவங்களுத மாட்டச் சொல்லிட்டேன்" என்றார் மங்களாம்பிகை.

அந்த டப்பா இறங்கினால் ஊரில் எந்த மில்லும் தன்னை இனிமேல் கூப்பிடாது என்று வைரக்கண்ணுவுக்குத் தெரியும். "இன்னிக்கு ஒருநாள் குடுங்கம்மா" என்று கேட்டுக்கொண்டு கிடங்குக்குள் போனார். டப்பாவைக் காணோம். மூலை முழுக்கக் கூரை வரைக்கும் மூட்டை.

"எங்கய்யா மாரியப்பா என் டப்பா?"

"உள்ளதான் இருக்கும்ணே" என்றார் சுமைக்காரர்களின் மேஸ்திரி மாரியப்பன். "மொத மூட்டைய ஈசானி மூலையிலதான வைப்போம்? ஒங்களுக்கு மட்டுந்தான் சாமி அங்க இருக்காரா?"

வைரக்கண்ணு ஒரு மூட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். ஈர நெல். டப்பாவிலிருந்து வருகிற சிக்னலை அது அப்படியே குடித்துக்கொண்டிருந்தது. மூட்டைகளை நகர்த்தவும் வழியில்லை. மஞ்சள் தடவிய முதல் மூட்டை கடைசியில்தான் மூலையை விட்டு எழும். அது அந்த மில்லின் வழக்கம்.

பழியை நெட் கம்பெனி மேல் போட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு ஆபீசுக்குப் போனார்.

"தப்பு என்னுதும்மா. சாமி மூலையான்னு பாத்தேனே தவிர, நெல்ல எங்கேர்ந்து அடுக்குவாங்கன்னு பாக்கல. நாத்து நட்ட வீட்டுல பொறந்தவனுக்கு இது தெரிஞ்சிருக்கணும்."

"இப்ப என்ன செய்யப் போறீங்க?"

"மூட்டை எட்டாத எடத்துல தொங்க விடுறேன்."

நடுப்பாதைக்கு மேலே, இரும்பு உத்தரத்தோடு வயரை இழுத்து, புதிதாக இரண்டு டப்பாக்களைத் தலைகீழாகக் கட்டினார். பொழுது சாய்வதற்குள் வேலை முடிந்தது.

"மாரியப்பா, தராசுல ஏறி நில்லுய்யா."

"நான் என்ன நெல்லு மூட்டையாண்ணே?" முனகிக்கொண்டே ஏறினார்.

வைரக்கண்ணுவின் போன் அடித்தது. "எந்த மூட்டைங்க அது தொண்ணூத்திரெண்டு கிலோ?" என்றார் மங்களாம்பிகை. "எவன் இப்புடித் திணிச்சான்?"

"மூட்டை இல்லம்மா, மேஸ்திரி."

போனுக்குள் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று. "சரி, தஞ்சாவூர்க்காரங்கள வர வேணாம்னு சொல்லிடுறேன்."

வைரக்கண்ணு ஏணியை மடக்கினார். மாரியப்பன் மட்டும் தராசை விட்டு இறங்கவில்லை.

"இன்னொரு தடவ பாக்கச் சொல்லுங்கண்ணே. செருப்போட நின்னுட்டேன்."