தோளில் இருந்தவன் யார்?

மூல ஆவணத்தைக் கண்ணால் பார்க்காமல் எந்த நகலிலும் சான்றொப்பம் இடக் கூடாது. பணியில் இருந்தவரை இந்த விதியை நான் மீறியதில்லை. ஓய்வு பெற்ற பிறகும் அதே வேலைதான். பச்சை மசி மட்டும் கிடையாது.

மனுதாரர் என் தம்பி. அவனுக்கு மனச்சிதைவு. மாத்திரையில் குரல்கள் அடங்கிவிட்டன, படங்கள் அடங்கவில்லை. பார்த்ததும் நினைத்ததும் அவன் மனத்தில் ஒரே மாதிரி பளிச்சென்று தெரியுமாம். எது எங்கிருந்து வந்தது என்ற குறிப்பு மட்டும் இருக்காதாம். மருத்துவர் சொன்னார். என் மேலதிகாரிகள் பலருக்கும் இது பொருந்தும். அவர்களுக்கு யாரும் மாத்திரை தரவில்லை.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டில் இருவர்தான். மாலையில் பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் ஓய்ந்ததும் விசாரணை தொடங்கும்.

“ண்ணா, எதிர் வீட்டம்மா காலையில என்னைத் திட்டினாங்களா, நானா நினைச்சிக்கினேனா?”

“நான் கூடவே இருந்தேன். திட்டல.”

“மாவு வாங்கியாந்தேனா?”

“மாவு எங்கடா?”

“அதத்தான்பா கேக்கறேன்.”

நான் உடனில்லாத விஷயமென்றால், “பாக்கல, சொல்ல முடியாது” என்பேன். “ரொம்பத்தான் ஆபீசரு” என்று எழுந்து போவான். ஒரு நாளைக்கு நாங்கள் பேசுவது ஏறக்குறைய இவ்வளவுதான்.

என்னிடமும் ஒரு படம் இருந்தது. பங்குனி உற்சவம், வெள்ளித் தேர். கூட்டத்தில் அப்பா என்னைத் தோளில் தூக்கி வைத்திருக்கிறார். அடிப்பதற்குத் தவிர அவர் என்னைத் தொட்டதாக வேறு நினைவு இல்லை. அம்மாவும் போய், என் மனைவியும் போன பிறகு, ஒருநாள்தான் உறைத்தது: அந்தப் படத்தில் என் முகம் தெரிகிறது. தோளில் உட்கார்ந்தவனுக்குத் தன் முகம் எப்படித் தெரியும்?

கீழே நின்று பார்த்திருக்கக்கூடியவர்களில் மிச்சம் இருப்பவன் தம்பி ஒருவன்தான்.

“டேய், தேர் அன்னிக்கு நைனா என்னைத் தோள்ல தூக்கினாரா?”

“பாத்துட்டு சொல்றேன்.”

மாதங்கள் போயின. நினைவூட்டினேன். “இருண்ணா, அவசரப்பட்டா ஆவாது” என்றான். நான் மற்றவர்களுக்குச் சொல்லிவந்த பதில்தான்.

இந்த ஆண்டும் நாங்கள் தேருக்குப் போகவில்லை. கூட்டம் அவனுக்கு ஆகாது. மேளம் தூரத்தில் கேட்டுக்கொண்டிருந்தது. வந்து என் எதிரில் உட்கார்ந்தான்.

“அப்ப நான் பாக்கலண்ணா. நீ கேட்டதிலேர்ந்து தினம் பாக்கறேன். நைனா தோள்ல நீதான். சிரிச்சிக்கினு இருக்கற.”

விதிப்படி இது செல்லாது. பெற்றுக்கொண்டேன்: பங்குனி, வெள்ளித் தேர் அன்று, மாலை.