எட்டாவது ஆளுக்குப் பதிலி

என் ரத்தத்தில் எட்டாவது ஆள் வேலைக்கு வருவதில்லை. என் நோயைப் பற்றி யார் கேட்டாலும் இன்றைக்கும் நான் இப்படித்தான் ஆரம்பிப்பேன். டாக்டர் சொன்ன பெயர் ஹீமோபிலியா. சாம்பியன் ரீப்ஸில், தங்கச் சுரங்கக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளில், அந்தப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. பக்கத்து வீட்டு அத்தை, "பையன் ரத்தத்துல பசையே இல்லியாம்" என்று லைன் முழுக்கச் சொல்லிவிட்டு, பசை ஊறுவதற்கு வெண்டைக்காய் கொடுக்கச் சொன்னாள். அதன்பிறகு ஒரு வருஷம் எங்கள் வீட்டுக் குழம்பில் வேறு காய் விழவில்லை. பசையும் ஊறவில்லை.

எனக்கு விஷயம் விளங்கும்படி சொன்னவர் மாமா, அம்மாவின் அண்ணன். சுரங்கம் மூடும்வரை, பூமிக்குள் செங்குத்தாக இறங்கும் ஷாஃப்டின் வாயில் நின்று கேஜுக்கு மணி அடித்தவர். ஆட்களை ஏற்றி இறக்கும் அந்த இரும்புக் கூண்டு அவர் மணி இல்லாமல் ஓர் அங்குலம் அசையாது. மூன்று தடவை அடித்தால் ஆள் ஏறுகிறது. இரண்டு என்றால் இறக்கு. ஓடிக்கொண்டிருக்கும்போது ஒன்று அடித்தால் நிறுத்து. சுரங்கம் மூடியபிறகு அடிக்க மணி இல்லாமல் எங்கள் வீட்டுத் தம்ளரைக் கரண்டியால் தட்டிக் காபி கேட்டுக்கொண்டிருந்தார்.

"மாப்ள, காயம் பட்டா அத அடைக்க உள்ள ஒரு கேங் இருக்குது. பதிமூணு ஆளு. உனக்கு எட்டாவது ஆளு ஷிப்டுக்கே வர்றதில்ல. மத்தவன் எல்லாம் அவன் மூஞ்சப் பாத்துக்கினு நிக்கிறான். பாட்டில்ல வர்றான் பாரு, அவன் பதிலி ஆளு. ரெண்டு நாள் வேல செய்வான், பூடுவான். அப்பறம் வேற பதிலி."

டாக்டர் படம் வரைந்து சொன்னதும் ஏறக்குறைய இதுதான். ஆனால் அந்த ஆள்கள் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு நிற்பதை அவர் சொல்லவில்லை.

பதிலியை ஏற்ற ஒவ்வொரு தடவையும் பெங்களூருக்குப் போகவேண்டியிருந்தது. முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கிவிடும். அம்மா என் காலை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வருவாள். பங்காருபேட்டையில் ஏறுகிறவர்கள் எல்லாம் இன்னாச்சு, ஏனாயித்து, ஏமாயிந்தி என்று மூன்று பாஷையிலும் விசாரிப்பார்கள். அம்மா மூன்றிலும் பதில் சொல்லி முடிப்பதற்குள் பாதி நாள் போய்விடும். அதற்குள் மூட்டுக்குள் கசிந்த ரத்தம் தன் வேலையைக் காட்டியிருக்கும். இப்படியே போனால் பையனுக்குக் கால் மடங்காமல் போய்விடும் என்று டாக்டர் சொன்னார். ஊசி போட அம்மாவுக்கு ஆஸ்பத்திரியிலேயே கற்றுக்கொடுத்து, மருந்தையும் கொடுத்து அனுப்பினார்கள். எங்கள் ஃப்ரிட்ஜில் முட்டைகள் இடம்பெயர்ந்தன.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சயனைடு மேட்டுக்குப் போனேன். தங்கம் எடுத்தபிறகு கொட்டிய மண் அங்கே மலையாக நிற்கும். அட்டையில் உட்கார்ந்து சறுக்கினால் சொர்க்கம். எல்லாப் பிள்ளைகளுக்கும் அது விளையாட்டு, எனக்கு மட்டும் குற்றம். மூன்றாவது சறுக்கலில் அட்டை ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முட்டி சூடாக, இறுக்கமாக இருந்தது. கட்டிலில் இடித்துக்கொண்டேன் என்றேன். என் டவுசரின் பின்பக்கம் மாவு மில்லுக்குப் போய்வந்தது மாதிரி இருந்ததை மாமா பார்த்தார். பேசாமல் தட்டிவிட்டார்.

அப்பாவுக்கு அன்றும் டூட்டி; விடியலிலேயே ரயிலேறிவிட்டார். அம்மா முழங்கை வரை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். மருந்துத் தூள் இருந்த பாட்டிலில் தண்ணீரை இறக்கினாள். குலுக்கக்கூடாது, நுரை வந்துவிடும். உள்ளங்கைகளுக்கு நடுவே மெல்ல உருட்டவேண்டும். மாமா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வெடி மருந்தக்கூட நாங்க இப்பிடித் தொட்டதில்லமா."

"நீ கொஞ்சம் சும்மா இருண்ணா."

என் கையில் ரப்பர் பட்டையைக் கட்டினாள். நரம்பு எழுந்து நின்றது.  ஆனால் அம்மா பிடித்த ஊசிமுனை, உட்கார இடம் தேடும் ஈ மாதிரி சுற்றிச்சுற்றி வந்தது. குத்தினாள். ஊசியோடு சேர்ந்த மெல்லிய குழாயில் ரத்தம் வரவில்லை; நரம்பு சிக்கவில்லை. எடுத்துவிட்டுப் பஞ்சை வைத்து அழுத்தினாள். ரொம்ப நேரம் அழுத்தினாள்.

நான் மற்றக் கையை அக்குளுக்குள் ஒளித்துக்கொண்டேன். "வேணாம்மா. ரயில்லயே போலாம்."

"கலக்கியாச்சுடா கண்ணு. மூணு மணி நேரம்தான் தாங்கும். பெங்களூர் போற வரைக்கும் இருக்காது." அவள் கண் நிறைந்துவிட்டது. "இன்னும் ஒரே தரம். அதுக்கு மேல குத்தக்கூடாதுன்னு நர்சு சொல்லியிருக்கா."

புது ஊசியை எடுத்தாள். மாமா தம்ளரையும் கரண்டியையும் எடுத்தார்.

"மணி இல்லாம இறக்கினா இப்பிடித்தான். எதுக்கும் ஒரு மொற இருக்குது."

டங், டங், டங். ஆள் ஏறுகிறது. அந்த மணிக்கு மரியாதை கொடுத்து நான் கையை நீட்டினேன். டங், டங். இறக்கு. அம்மா குனிந்தாள். ஊசி தோலைத் தொடப்போனது.

அந்த நேரம் பார்த்து சர்ச்சில் ஆராதனைக்கு முதல் மணி விழுந்தது. ஒன்றே ஒன்று.

"நிறுத்து!" என்று கத்தினார் மாமா.

அம்மா அப்படியே நின்றாள். சுரங்கத்துக்காரர் வீட்டுப் பெண். நிறுத்து என்றால் காரணம் கேட்கமாட்டாள். இரண்டாவது மணி விழுந்தது.

"ரெண்டு! இறக்கு!"

அம்மா குனிந்தாள். மூன்றாவது.

"மூணு! ஆள் ஏறுது!"

அம்மா நிமிர்ந்தாள். நான்காவது மணி விழுந்ததும் மாமா குழம்பிப்போனார். "நாலுக்கு ஒண்ணும் கெடையாதே."

"அண்ணா, அது சர்ச் மணி! உன் கேஜ மூடிட்டு அந்தாண்ட போ! இல்லன்னா இந்த ஊசி உனக்குத்தான்!"

மாமா ஊசியைப் பார்த்தார். "எனக்கு ஒரு மாதிரியா வருதுமா" என்றார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். பாயின் மேல் மடாரென்று சாய்ந்தார்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆறடி மனுஷன், பாதாளம் வரைக்கும் ஆள் இறக்கினவர், பென்சில் முனையைவிடச் சின்ன ஊசிக்கு விழுந்துகிடக்கிறார்! சிரித்ததில் கை என்னுடையது என்பதே மறந்துபோயிற்று. அம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. "கெட அங்கியே. மொதல்ல இவனப் பாத்துக்கினு வர்றேன்" என்றாள். கோபத்தில் அவள் கை கல்லு மாதிரி நின்றுவிட்டது. குழாயில் சிவப்பாக ஒரு நூல் ஓடியது. பட்டையை அவிழ்த்தாள். மெதுவாக, மிக மெதுவாக மருந்தை உள்ளே தள்ளினாள்.

பாயிலிருந்து ஒரு குரல் வந்தது. "பதிலி உள்ள பூந்துட்டானா?"

மயக்கத்தில் இருப்பவர்கள் உளறுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் நான் இதைச் சொல்லாத பையன் இல்லை. அந்த வாரமே டீக்கடையில் மாமாவின் பெயர் கெட்டுவிட்டது. "இன்னாபா, ஊசி பாத்து வுழுந்தியாமே!" என்பார்கள். மாமா டீயை ஊதிக்கொண்டே, "ஆமாபா" என்பார். எங்கள் மாமாவைவிட நான் தைரியசாலி என்று நினைத்துக்கொண்டே அதன்பிறகு ஒவ்வொரு ஊசிக்கும் கையை நீட்டினேன்.

இப்போது காலை ரயிலுக்குக் கிளம்புவதற்கு முன்னால் நானே போட்டுக்கொள்கிறேன். போன மாதம் மாமாவோடு வேலை செய்த ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். பூமிக்குள் பாறை வெடித்துச் சரியும் ஏர் பிளாஸ்டைப் பற்றிப் பேச்சு வந்தது. "உங்க மாமா மணி அடிக்க வர்றதுக்கு முன்னாடி ரெஸ்கியூ டீம்ல இருந்தாருபா. அடிபட்டவன, செத்தவன எல்லாம் தோள்ல போட்டுக்கினு வருவாரு. சட்டையெல்லாம் ரத்தமா இருக்கும். கை கழுவிட்டு சோறு துன்னுவாரு" என்றார் அவர்.

அவர் போனபிறகு மாமாவிடம் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிக் கேட்டேன். மாமா கரண்டியை எடுத்துத் தம்ளரில் ஒரே ஒரு தட்டு தட்டினார்.

கேட்பதை நிறுத்திவிட்டேன். ஆனாலும் அந்த ஒன்பது வயதுப் பையனை நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. எதிரிலேயே உட்கார்ந்திருந்தான். மாமா கண்ணாடியைக் கழற்றியதையும், மடித்ததையும், பையில் பத்திரமாக வைத்ததையும், எங்கே பாய் இருக்கிறது என்று திரும்பிப் பார்த்துக்கொண்டதையும் ஒன்றுவிடாமல் பார்த்தான். அதன்பிறகுதான் அவர் விழுந்தார்.