நாலாம் இலக்கக்காரரும் பதினெட்டுச் சோடி சொக்ஸும்

உதைபந்தாட்டக் கழகத்துக்கு உடுப்புத் தோய்ப்பவளை ஒருவரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் எவன் ஓடினான், எவன் ஓடின மாதிரி நடித்தான் என்று முதலில் தெரிவது அவளுக்குத்தான்.

எங்கள் கழகம் ஹம்பேர்க்கின் ஓரத்தில், எஸ்-பான் ரயிலின் கடைசித் தரிப்புக்குக் கிட்ட இருக்கிறது. என் மனிசன் அன்ரன் அங்கே மைதானம் பராமரிக்கிறவர். அதனால் அங்கே எல்லாருக்கும் நான் ஃப்ராவ் அன்ரன், அதாவது திருமதி அன்ரன். அவருக்கு வேலை கிடைத்தபோது இரண்டு வோஷிங் மெஷின்கள் எனக்குச் சீதனம் மாதிரிக் கூடவே வந்தன. கான்வென்டில் சிஸ்டர்மார் எனக்குத் தையலும் பொறுமையும் படிப்பித்தார்கள். தையல் மட்டும் ஏறியது. வீட்டில் நாலு பேருக்குத் தோய்க்கிற நீங்களும் என் கட்சிதான், ஆகவே ஒளிக்காமல் சொல்கிறேன்.

சுருட்டின சொக்ஸ்

விளையாட்டு முடிந்ததும் பதினெட்டு ஆம்பிளைகளும் சொக்ஸைக் காலிலிருந்து உரித்துப் பந்தாகச் சுருட்டிப் பையில் எறிவார்கள். அதை விரிக்கும்போது உள்ளே இருந்து மண், புல், சில நேரம் பிளாஸ்டரும் வரும். யூரோக் காசு வந்த வருஷம் ஸ்லோவாக்கியாவிலிருந்து பவோல் என்று ஒரு தடுப்பாட்டக்காரர் எங்கள் கழகத்துக்கு வந்தார். வயது முப்பத்துமூன்று, இலக்கம் நாலு, ஜெர்மன் அறவே இல்லை. காற்சட்டையின் இடப்பக்கம் இடுப்புவரை புல்லுப் பச்சை. அவ்வளவு சறுக்கிப் பந்தைப் பறிக்கிறவர்.

முதல் கிழமையே பையைத் திறந்து பார்த்தால் ஒரு சோடி சொக்ஸ் நேராக விரித்து, மண்ணை உதறி வைத்திருந்தது. ஒரு மாதத்தில் பத்துச் சோடி. உடுப்பு மாற்றும் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். மற்றவர்கள் எறிந்ததை எல்லாம் இவர் வாங்குப் பலகையில் குந்தியிருந்து ஒவ்வொன்றாக விரித்துக்கொண்டிருந்தார், ஒரு வார்த்தை பேசாமல். ஏன் இந்த வேலை என்று கேட்டதற்கு, அரைகுறை ஜெர்மனில் சொல்லைத் தேடித்தேடிச் சொன்னார்: “ஃப்ராவ் அன்ரன், முன்னுக்கு விளையாடுறவனுக்குப் பின்னால் ஆள் இருக்கு. எனக்குப் பின்னால் ஆள் இல்லை. மற்றவன் விட்டதை எடுத்துப் பழகிப் போச்சு.”

அயன்பெட்டியில் ஒட்டின இலக்கம்

அயன்பெட்டியால் மினுக்காத சட்டையோடு வெளியே போவது பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவேண்டிய விஷயம் என்று வளர்ந்தவள் நான். விளையாட்டுச் சட்டையை மினுக்கக்கூடாது என்று எவரும் எனக்குச் சொல்லவில்லை. சொக்ஸ் விரித்துத் தரும் மனிதருக்கு ஒரு மரியாதை செய்யலாம் என்று, ஒரு ஞாயிறு பூசை முடிந்த கையோடு அவருடைய சட்டையை மட்டும் நல்ல சூட்டில் ஒரு இழுவை இழுத்தேன். நாலாம் இலக்கம் அப்படியே அயன்பெட்டியோடு கழன்று வந்தது.

விளையாட்டுக்கு இன்னும் அரை மணித்தியாலம். இலக்கம் இல்லாமல் நடுவர் விடமாட்டார். கழகத் தலைவர் ஹெர் லூட்கே என்னைப் பார்த்த பார்வையில் இன்னொரு சட்டை மினுக்கலாம். அன்ரன் கொட்டிலுக்கு ஓடி, வயருக்குச் சுற்றுகிற கறுப்பு ரேப்பை எடுத்து வந்தார். நான் வெட்ட வெட்ட பவோல் தானே சட்டையில் ஒட்டினார். ஒட்டி முடித்துத் தூக்கிப் பார்த்துச் சொன்னார்: “நாலு நல்லது, எல்லாம் நேர்க்கோடு. எட்டு என்றால் இரண்டு பேரும் அழுதிருப்போம்.”

சுத்தமான காற்சட்டை

மூன்றாவது வருஷம் அவருடைய காற்சட்டை சுத்தமாக வரத் தொடங்கியது. தோய்க்கிறவளுக்குச் சந்தோஷம்தானே என்பீர்கள். இல்லை. இடுப்பில் பச்சை இல்லை என்றால் மனிதர் சறுக்கவில்லை. வலது சொக்ஸில் நோவெண்ணெய் மணம் என்றால் ஏன் சறுக்கவில்லை என்றும் தெரிந்துவிடும். வெளியே ஹெர் லூட்கே, “அனுபவம் வந்துவிட்டது, நின்ற இடத்திலேயே ஆட்டத்தை வாசிக்கிறார்” என்று புகழ்ந்துகொண்டு நின்றார். வீட்டில் சொன்னேன். அன்ரன் சிரித்தார்: “ஏனப்பா, நீ தோய்க்கிறனியோ, ஸ்கேன் எடுக்கிறனியோ?”

பேசாதவர்

ஒரு நாள் பவோலை மெஷினடியில் மறித்துக் கேட்டேன். முழங்கால் முடிந்துவிட்டது என்று ஒத்துக்கொண்டார். ஒப்பந்தம் ஜூன் வரைக்கும். அது போனால் கழகம் தந்த வீடும் போகும், வேலை அனுமதியும் போகும். மகள் அப்போதுதான் முதலாம் வகுப்பு. அகதி விண்ணப்பத்துக்கு என்ன பதில் வருமோ என்று கடிதப்பெட்டியைத் திறக்கப் பயந்து வாழ்ந்த எங்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. “ஒளிச்சு என்ன பலன்? இப்போதைய பயிற்சியாளர் ஸ்டுட்கார்ட்டுக்குப் போகிறார். முழங்காலையும் சொல்லி, அந்த இடத்தையும் கேளுங்கோ” என்றேன். அவர் சொன்னார்: “பயிற்சியாளர் என்றால் பேசவேணும், ஃப்ராவ் அன்ரன். நான் பேசுகிற ஆள் இல்லை.”

உருளைக்கிழங்குச் சலாட்

எப்படியோ போய்க் கேட்டிருக்கிறார். நிர்வாகக் கூட்டத்துக்குச் சலாட் கொண்டுபோனபோது அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். “நல்ல மனிதர். ஆனால் வாயே திறக்காதவருக்கு எப்படிப் பதினெட்டுப் பேர் கீழ்ப்படிவார்கள்?” என்றார் ஹெர் லூட்கே. என் வாய் எந்தக் காலத்தில் அடங்கியிருக்கிறது? சலாட்டை வைத்துவிட்டுப் போய், அன்றைய அழுக்குப் பையைக் கொண்டுவந்து அவர்களின் சாப்பாட்டு மேசையில் கொட்டினேன். பதினெட்டுச் சோடி சொக்ஸ். ஒன்றும் சுருட்டவில்லை.

“நான் எவ்வளவோ கத்தினேன், அதற்கு ஒருத்தன் விரிக்கவில்லை. அந்த மனிதர் வாங்கில் குந்தியிருந்து மற்றவர்களுடையதைத் தானே விரித்தார். வெட்கத்தில் ஒவ்வொருத்தனாக விரிக்கத் தொடங்கினான். இப்போது எல்லாரும். ஒரு வார்த்தை பேசவில்லை” என்றேன். அறை முழுக்க மணம் பரவியது. கடைசியில் ஹெர் லூட்கே மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னார்: “ஆறு மாதம் பரீட்சித்துப் பார்க்கலாம். ஃப்ராவ் அன்ரன், தயவுசெய்து சொக்ஸை எடுங்கள்.”

பையிலிருந்த கடதாசி

பயிற்சியாளரான பிறகு முதல் விளையாட்டு. அதற்கு முந்தின நாள் அவருடைய கறுப்பு உடுப்பை மெஷினில் போட்டேன். எடுத்தபோது எல்லாவற்றிலும் வெள்ளைத் துகள். காற்சட்டைப் பக்கெற்றுக்குள் கடதாசி. விளையாடுகிறவர்களுக்குச் சொல்ல மூன்று நாளாக அகராதி பார்த்து எழுதிய பேச்சாம். பக்கெற்றைத் தடவாமல் போட்டது நான்தான். மூச்சுவிடாமல் மன்னிப்புக் கேட்டேன். மறுநாள் அவர் துகளைத் தட்டிவிட்டு உடுப்பு மாற்றும் அறைக்குள் போய் இரண்டு நிமிஷத்தில் திரும்பி வந்தார். அன்றைக்கு ஒன்றுக்கு மூன்று என்று தோற்றோம்.

முடிந்ததும் பையைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். மேலே அவருடைய உடுப்பு, ஒரு துளி மண் இல்லாமல் மடித்தபடி. அந்தச் சுத்தத்தைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. உள்ளே என்னதான் சொன்னீர்கள் என்று கேட்டேன். “ஒரே வசனம்தான். பயப்படாமல் முன்னுக்குப் போங்கோ, கடைசி ஆள் இன்னும் நான்தான் என்று சொன்னேன். கோட்டுக்கு வெளியே நிற்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.”

அந்த ஆறு மாதம் நாலு வருஷமாகிவிட்டது, அவருடைய மகள் ஐந்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள், கோப்பை ஒன்றும் இதுவரை எங்கள் அலுமாரிக்கு வரவில்லை, ஆனால் இந்த நாட்டிலேயே சொக்ஸை நேராக விரித்துக் கொடுத்துவிட்டுத் தோற்கிற ஒரே கழகம் எங்களுடையதுதான்.