இரண்டு முறை திறந்த கல்

குன்னூர் பக்கத்து எஸ்டேட் ஃபேக்டரி ஒன்றில் முப்பத்தோரு வருஷம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற சில்வஸ்டருக்குக் கல் பைத்தியம். மலைப்பாதையில் மண் சரிந்தால் ஊரே தலையில் கை வைக்கும். இவர் மட்டும் மறுநாளே சாக்குப்பையோடு கிளம்பிவிடுவார். பொறுக்கி வந்த கல்லை வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் வைத்து அறுப்பார். பழைய மோட்டாரில் வைரத்தூள் பதித்த பிளேடை மாட்டி, மேலே தண்ணீர் சொட்டக் குழாய் வைத்து, அந்த மிஷினை அவரே செய்திருந்தார். அறுத்த பலகைகளைப் பளபளவென்று தேய்த்து அலமாரியில் அடுக்குவார். யாருக்கும் கொடுக்க மாட்டார். கேட்க ஆளும் கிடையாது, அது வேறு விஷயம்.

மனைவி ஜெஸிந்தா காலமாகி நாலு வருஷம் ஆகிறது. அவள் இருந்தவரை, கல் இரண்டாகும் நேரத்தில் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வருவாள். "கோடி வருசமா மூடிக் கெடந்தத மொதல்ல பாக்கறது நாமதானுங்க" என்பாள். அந்தப் பேச்சுக்காகவே மனுஷர் அறுத்திருப்பார் போல. இப்போது மிஷினை நிறுத்தினால் தண்ணீர் சொட்டுவது மட்டும்தான் கேட்கும்.

போன ஐப்பசி மழையில் ஒரு கல் கிடைத்தது. பூசணி அளவு, கன்னங்கரேல். உடைந்த ஒரு மூலையில் மட்டும் சிவப்பு எட்டிப் பார்த்தது. இதைத் தனியாக அறுப்பதில்லை என்று முடிவு கட்டினார். பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் ஹன்னாவிடம், "நீ வந்தாத்தான் அறுப்பேன் கண்ணு" என்று சொல்லிவிட்டார். கிறிஸ்துமஸுக்கு வருவதாகச் சொன்னாள், வரவில்லை. ஈஸ்டருக்குக் கட்டாயம் என்றாள். ஈஸ்டர் அன்று காலை சர்ச்சில் பூசை முடிந்து வெளியே வரும்போது போன் அடித்தது.

"திடீர்னு வேல வந்திருச்சுங்கப்பா. கோவிச்சுக்காதீங்க."

வாங்கி வைத்த ஆட்டுக்கறியைச் சமைக்க மனம் வரவில்லை. மத்தியானம் கொட்டகைக்குப் போனவர், என்ன நினைத்தாரோ, அந்தக் கல்லை எடுத்து அறுத்தே விட்டார். உள்ளே வெள்ளைப் பட்டைக்கு நடுவே மாதுளை முத்து மாதிரி சிவப்பு மணிகள். "பாரு!" என்று சத்தமாகச் சொல்லித் திரும்பினார். பின்னால் யாரும் இல்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

மே மாதம் ஹன்னா கூப்பிட்டாள். "சனிக்கெழம கார்ல வரேனுங்கப்பா. சொந்த ஊட்டுக்கு வர, டூரிஸ்ட்டுக மாதிரி மலையேற இ-பாஸ் எடுத்தாச்சு! கல்லு அப்படியே இருக்குதுங்களா?"

"இருக்குது, இருக்குது" என்று வாய் முந்திக்கொண்டது.

வெள்ளிக்கிழமை முழுக்கத் திருட்டு வேலைதான். இரண்டு பாதியையும் பசை போட்டு ஒட்டினார். இடுக்கில் கல்தூளைக் குழைத்து அப்பி, மேலே சேற்றையும் பூசினார். அவர் கண்ணுக்கே கோடு தெரியவில்லை. ஆனால் இத்தனை வருஷம் மிஷினோடு மாரடித்தவருக்கு, தண்ணீர் பட்டால் அந்தப் பசை விட்டுவிடும் என்பது மட்டும் மறந்துபோனது.

மறுநாள் ஹன்னாவைப் பக்கத்தில் நிறுத்தி, குழாயைத் திறந்து, மிஷினை ஓட்டினார். பிளேடு சரியாகத் தொடக்கூட இல்லை. கல் தானாகவே இரண்டாகிக் கிடந்தது.

"ஐயோ, எத்தன அழகு!" என்று ஒரு பாதியைக் கையில் எடுத்த ஹன்னாவின் விரலில் பசை நூல் நூலாக வந்தது. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அப்பா! ஏமாத்தப் பாத்தீங்களா? எப்பங்கப்பா அறுத்தீங்க?"

சில்வஸ்டர் குழாயை மூடினார். "ஈஸ்டர் அன்னைக்குக் கண்ணு."

அவள் சிரிப்பு நின்றது. கல்லை மெல்லக் கீழே வைத்தாள்.

"அன்னைக்கு எனக்கு வேல ஒண்ணும் இல்லீங்கப்பா" என்றாள்.

"தெரியும் கண்ணு" என்றார் சில்வஸ்டர்.