பக்கத்து வீட்டு டயர்

என் கணவர் ராணுவத்தில் வண்டி ஓட்டுகிறவர். வருடத்தில் பத்து மாதம் எங்கோ வடக்கே ஒரு மலையில் இருப்பார். அவருடைய மோட்டார் சைக்கிள் ராஜபாளையத்தில் என்னிடம் இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்கு அதில்தான் போய் வருகிறேன். ஸ்கூட்டர் வாங்கிக்கொள் என்று எல்லோரும் சொன்னார்கள். நல்ல வண்டி வீட்டில் சும்மா நிற்கும்போது இன்னொன்று எதற்கு என்று நான்தான் பிடிவாதமாகப் பழகிக்கொண்டேன்.

வண்டியை விட்டுப் போனவர் அதோடு ஒரு நிபந்தனையையும் விட்டுப் போனார். பட்டாளத்தில் எந்த வண்டியையும் காலையில் சோதித்துப் பார்க்காமல் வெளியே எடுக்கமாட்டார்களாம். டயர், காற்று, பிரேக், செயின், விளக்கு எல்லாம் பார்த்த பிறகுதான் வண்டி நகருமாம். அதையே எங்கள் காம்பவுண்டிலும் நடத்தவேண்டும் என்றார். சிக்னல் கிடைக்கிற நாளில் ஆறரை மணிக்கு வீடியோ காலில் வருவார். "ம், காட்டு" என்பார். நான் போனைப் பிடித்துக்கொண்டு வண்டியை வலம் வருவேன். கடைசியில் ஒரு தீக்குச்சியை எடுத்து டயரின் பள்ளத்தில் செருகிக் காட்டவேண்டும். மருந்து முனை உள்ளே மறைந்தால் டயர் நன்றாக இருக்கிறது. வெளியே தெரிந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது. அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருக்க, நான் வாசலில் தீக்குச்சியோடு குத்தவைத்து உட்கார்ந்திருப்பேன்.

பின் டயர் தேய்ந்துகொண்டே வந்தது. முதலில் மருந்து முனை பாதி தெரிந்தது. பிறகு முழுதும் தெரிந்தது.

"மழைக்கு முந்தி மாத்திருட்டி" என்றார்.

"சரிங்க" என்றேன்.

அந்த வாரம் பரீட்சைத் தாள் திருத்தும் வேலை. அடுத்த வாரம் தளவாய்புரத்தில் ஒரு கல்யாணம். அதற்கடுத்த வாரம் ஏன் போகவில்லை என்று எனக்கே தெரியவில்லை. இத்தனைக்கும் நான் அறிவியல் டீச்சர். உராய்வு இல்லாவிட்டால் நடக்கக்கூட முடியாது என்று எட்டாம் வகுப்புக்கு வருடாவருடம் தொண்டை வறளப் பாடம் எடுக்கிறவள்.

காம்பவுண்டில் எங்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் நூல் மில்லில் ஃபிட்டர். அவரிடமும் அதே மாடல், அதே கருப்பு வண்டி. அந்த வாரம்தான் அவர் பின் டயரைப் புதிதாக மாற்றியிருந்தார்.

"டயர் மாத்தியாச்சா?" என்று கேட்டபடியே ஒரு காலையில் என் கணவர் போனில் வந்தார். பொய் சொல்லவேண்டும் என்று நான் திட்டமிடவில்லை. என் வண்டி சுவரோரம் இருட்டில் நின்றது. ஃபிட்டர் அண்ணன் வண்டி நல்ல வெளிச்சத்தில் நின்றது. கை தானாக அந்தப் பக்கம் போய்விட்டது. தீக்குச்சியைச் செருகினேன். மருந்து முனை மட்டுமல்ல, அதற்குக் கீழேயும் கொஞ்சம் காணாமல் போனது.

"தங்கமான டயருட்டி!" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அதற்குப் பிறகு என் டயரைக் காட்ட எனக்கு வழியே இல்லாமல் போயிற்று.

நம்பர் பிளேட் தெரியாமல் போனைத் தாழ்த்திப் பிடித்தே நாலு மாதம் ஓட்டினேன். ஃபிட்டர் அண்ணனின் மில் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறது. அவருடைய டயர் தேய்வேனா என்றது. என் டயரோ தினமும் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்வந்து மொட்டையாகிக்கொண்டிருந்தது.

"நாலு மாசமாச்சு, கொஞ்சங்கூடத் தேயலையே. எப்படிட்டி ஓட்டுத?"

"மெதுவாத்தாங்க ஓட்டுதேன்."

அத்தோடு விட்டிருக்கலாம். மறுநாள் போனில் குரங்குக் குல்லா போட்ட மூன்று முகங்கள் கூடுதலாகத் தெரிந்தன. டயரை அவர்களுக்கும் காட்டச் சொன்னார். அவர்கள் இந்தியில் ஏதோ சொல்லித் தலையாட்டி வியந்தார்கள். வண்டியை எப்படிப் பராமரிப்பது என்று அவர்களில் ஒருவர் தன் வீட்டில் என்னை உதாரணம் காட்டிப் பேசி, அங்கே சண்டையே வந்துவிட்டதாக என் கணவர் பெருமையோடு சொன்னார்.

ஃபிட்டர் அண்ணனுக்கு விஷயம் எப்போதோ புரிந்துவிட்டது. அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். நான் தீக்குச்சியோடு அவர் வண்டியின் பின் டயர் அருகே உட்கார்ந்ததும் அவர் மனைவி உள்ளே பார்த்துத் தெலுங்கில் ஏதோ சொல்லுவார், உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்கும். ஒருநாள் அண்ணன் சாவியோடு வந்து பணிவாக நின்றார்.

"டீச்சர், ஷிப்டுக்கு நேரமாச்சு. சார் பாத்து முடிச்சுட்டாரான்னு கேட்டுச் சொன்னா வண்டிய எடுத்துக்கிடுவேன்."

நான் உள்ளங்கையால் போனைப் பொத்தினேன்.

அகப்பட்டிருக்கவேண்டிய நாளும் ஒன்று வந்தது. அண்ணன் குடும்பத்தோடு அய்யனார் கோவிலுக்குப் போய் அருவியில் குளித்துவிட்டு வந்தவர், பின் மட்கார்டில் 'அய்யனார் துணை' என்று பெரிய ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார். நான் கவனிக்கவில்லை. நாங்கள் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்கள்.

"ஏட்டி, நம்ம வண்டில அய்யனார் எப்ப ஏறினாரு?"

"ஸ்டாஃப் எல்லாரும் அருவிக்குப் போனோம்லங்க... அங்க யாரோ ஒட்டிட்டாங்க."

"சரி, இருக்கட்டும். மழைக்காலம். காவலுக்கு ரெண்டு பேரா இருந்தா நல்லதுதான்" என்றார்.

நான் போனை வைத்துவிட்டு வெகுநேரம் வெட்கத்தோடு உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் டயர் கடைக்குப் போகவில்லை.

பிள்ளைகளைச் செண்பகத்தோப்புக்கு இயற்கை நடைக்குக் கூட்டிப்போவதாக எங்கள் தலைமையாசிரியை முடிவு செய்தார். வனத்துறையிடம் கடிதம் கொடுக்கவேண்டும். அன்று சொல்லிவைத்த ஆட்டோ வரவில்லை. "உங்க வண்டி இருக்குல்ல டீச்சர்? வாங்க" என்று என் பின்னால் ஏறிக்கொண்டார். கஞ்சி போட்ட காட்டன் சேலை, மடியில் கைப்பை, கையில் கடிதக் கவர். கனமான உடம்பு, அதைவிடக் கனமான மரியாதை.

போகும் வழியில் தூறல் போட்டது. தோப்புகளுக்கு நடுவே சாலையில் செம்மண் கரைந்து பாயசம் மாதிரி கிடந்தது. திருப்பத்தில் ஒரு மயில் நிதானமாகச் சாலையைக் கடந்தது. பிரேக்கை மிதித்தேன். பின் சக்கரம் நின்றது, ஆனால் வண்டி நிற்கவில்லை. பின்பக்கம் அதன் பாட்டுக்கு இடதுபுறமாகப் போனது. அவசரமே இல்லாமல் எங்களைச் சாலையோரச் சேற்றில் இறக்கிவிட்டு வண்டி படுத்துக்கொண்டது.

எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. பயந்துபோய்த் திரும்பினேன். தலைமையாசிரியை இடுப்பளவு சேற்றோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வலது கை மட்டும் தலைக்கு மேலே உயர்ந்திருந்தது. அதில் கடிதக் கவர், ஒரு பொட்டுச் சேறு படாமல்.

"லெட்டர் நனையல" என்றார். அதுதான் அவர் சொன்ன முதல் வார்த்தை.

பக்கத்துச் சோதனைச் சாவடியிலிருந்து இரண்டு வனக்காவலர்கள் ஓடி வந்தார்கள். எங்களைத் தூக்கிவிட்டு வண்டியை நிமிர்த்தினார்கள். மூத்தவர் பின் டயரைக் கையால் தடவினார்.

"டீச்சர், இந்த டயர வச்சுச் சப்பாத்தி தேய்க்கலாம். ரோட்டுல ஓட்ட முடியாது."

அப்போது போன் அடித்தது. விழுந்ததில் அது தலைமையாசிரியையின் காலடியில் கிடந்தது. காலையில் சிக்னல் கிடைக்காததால் என் கணவர் அந்த நேரத்தில் அழைத்திருக்கிறார். நான் எட்டி எடுப்பதற்குள் தலைமையாசிரியை எடுத்துவிட்டார். கன்னத்தில் சேறோடு ஒரு முகத்தைப் பார்த்ததும் என் கணவர் அந்தப் பக்கம் விறைப்பாக நின்றுவிட்டார்.

"வணக்கம் மேடம்! என்னாச்சு மேடம்?"

"ஒண்ணும் ஆகல தம்பி. அவங்க நல்லா இருக்காங்க. உங்க வண்டி டயரத்தான் கொஞ்சம் பாருங்க" என்று போனைத் திருப்பினார்.

"மேடம், இது எங்க வண்டி இல்ல. எங்க டயரு புதுசால்ல இருக்கும்!"

தலைமையாசிரியை குனிந்து நம்பர் பிளேட்டை ஒவ்வோர் எழுத்தாக, வகுப்பில் படிப்பதுபோல, தெளிவாகப் படித்தார். என் கணவர் மெல்லிய குரலில் கேட்டார்.

"அப்ப நாலு மாசமா நான் யாரு டயரப் பாத்தேன்?"

தலைமையாசிரியையும் வனக்காவலர்களும் என்னைப் பார்த்தார்கள். போனுக்குள் என் கணவரின் தோளுக்குப் பின்னால் குரங்குக் குல்லாக்களும் பார்த்தன. சேறு சொட்டச் சொட்ட நின்றுகொண்டு, ஃபிட்டர் அண்ணன் டயரில் தொடங்கி அய்யனார்வரை எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். முதலில் சிரித்தது இளைய வனக்காவலர். அவரை அதட்டத் திரும்பிய தலைமையாசிரியைக்கும் அடக்க முடியவில்லை. மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என் கணவர் மட்டும் சிரிக்கவில்லை. "பொறவு பேசுதேன்" என்று வைத்துவிட்டார்.

வண்டியை லோடு ஆட்டோவில் ஏற்றி அனுப்பினோம். மறுநாள் காலை வழக்கமான நேரத்தில் என் கணவர் போனில் வந்தார். திட்டப்போகிறார் என்று தயாராக இருந்தேன்.

"முழங்கை எப்படி இருக்கு? காட்டு."

காட்டினேன். போனை இன்னும் பக்கத்தில் கொண்டுவரச் சொன்னார்.

"நான் பக்கத்துல இருந்தா நானே பாத்துக்கிடுவேன். இல்லாததுனாலதானட்டி தினம் கேக்கேன்" என்றார்.

அன்றைக்கே போய் டயரை மாற்றினேன். ஃபிட்டர் அண்ணனும் கூட வந்தார். கடைக்காரர் பழைய டயரைக் கழற்றி விரித்துக் காட்டினார். நடுவில் ரப்பர் முடிந்து நூல் தெரிந்தது. செண்பகத்தோப்பில் மயிலுக்குப் பதிலாக மெயின் ரோட்டில் ஒரு பஸ் வந்திருந்தால் என்று மனம் ஓடியது.

இப்போது யாரும் கேட்காமலே தினமும் பார்த்துவிடுகிறேன். இரண்டு நிமிடம்கூட ஆவதில்லை. போன மாதம் முன் டயரில் ஒரு ஆணி இருந்தது. வீட்டு வாசலிலேயே கண்டுபிடித்துவிட்டதால் தெருமுனைவரை உருட்டிக்கொண்டு போனதோடு முடிந்தது.

இயற்கை நடை நல்லபடியாக நடந்தது. அதற்கடுத்த திங்கட்கிழமை, பிரேயர் முடிந்ததும் ஆசிரியர்கள் எல்லோரும் வண்டி நிறுத்துமிடத்துக்கு வரவேண்டும் என்று தலைமையாசிரியை அறிவித்தார். ஒவ்வொரு வண்டியாக நின்று குனிந்து பார்த்தார். தமிழ் ஐயாவின் வண்டியில் பிரேக் விளக்கு எரியவில்லை. கணக்கு டீச்சரின் ஸ்கூட்டரில் காற்று பாதிதான் இருந்தது. வரிசையின் கடைசியில் ஒரு வண்டி, என் பழைய டயரே தேவலாம் என்னும் அளவுக்கு மொட்டையாக நின்றது.

"இது யாரோடது?" என்றார் தலைமையாசிரியை.

எல்லோரும் அவரவர் வண்டிப் பக்கம் நகர்ந்து நின்றார்கள். அவருடைய பார்வை விளையாட்டு ஆசிரியரிடம் போய் நின்றது.

"நான் இன்னைக்கு நடந்துதான் வந்தேன் மேடம்" என்றார் அவர், தலையிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றாமலே.